துப்பாக்கி மேல் ஏறிய தொலைநோக்கி

மார்கழி, தை மாதங்களில் ஈர வயல்களில் உள்ளான் என்றொரு பறவை வந்து இறங்கும். வடக்கே இருந்து வலசை வருவது. நீண்ட அலகைச் சேற்றில் குத்திப் புழு பிடிக்கும். சேற்றின் நிறமே அதற்கும் என்பதால் நம் காலடிக்கு அருகில் இருந்தாலும் தெரியாது. சட்டென்று எழுந்து இப்படியும் அப்படியும் வளைந்து பறந்து போய்விடும். இதை ஆங்கிலத்தில் ஸ்னைப் என்பார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் தங்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களில், உள்ளான் வேட்டைக்குப் போவதை ‘ஸ்னைப்பிங்’ என்று குறிப்பிட்டார்கள். அந்தப் பறவையைச் சுட்டு வீழ்த்துவது லேசான காரியம் அல்ல. எனவே அதில் தேர்ந்தவன் ஸ்னைப்பர் ஆனான். பின்னால் அந்தச் சொல் வயலை விட்டுப் போர்க்களத்துக்குப் போய்விட்டது. இன்று செய்தித்தாளில் ஸ்னைப்பர் என்று படிக்கும்போது, அது நம் நாட்டு வயல் வரப்பில் பிறந்த சொல் என்பது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். அதோடு பல ஆண்டுகள் என்.சி.சி. பொறுப்பையும் பார்த்தேன். காலையில் ஒளியியல் வகுப்பு, மாலையில் மாணவர்களுக்கு .22 ரைபிள் பயிற்சி என்று நாட்கள் போயின. அதனால் லென்ஸும் துப்பாக்கியும் சேர்ந்த இந்த விஷயத்தில் எனக்கு எப்போதுமே ஓர் ஈடுபாடு. ஓய்வு பெற்ற பிறகு கிடைத்ததை எல்லாம் படித்தேன். ஸ்கோப்பின் வரலாறு என்றால் லென்ஸின் வரலாறு என்றுதான் முதலில் நினைத்தேன். படிக்கப் படிக்க வேறொன்று புரிந்தது. லென்ஸ் சீக்கிரமே கிடைத்துவிட்டது. அதைத் துப்பாக்கியோடு அசையாமல் பிணைக்கவும், பிணைத்ததைச் சரிபார்க்க ஓர் ஆளைப் பழக்கவும்தான் 300 ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஸ்கோப் எதற்கு என்று பார்ப்போம். தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டத்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி பதில்தான். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ரைபிளில் கண்ணுக்கு அருகே பேக்சைட், குழலின் நுனியில் ஃபோர்சைட், அதற்கு அப்பால் 25 கஜத்தில் டார்கெட். இந்த மூன்றும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். ஆனால் மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். ஃபோர்சைட் தெளிந்தால் டார்கெட் மங்கும், டார்கெட் தெளிந்தால் ஃபோர்சைட் மங்கும். பதினெட்டு வயதுப் பையனின் கண் சட்டுச் சட்டென்று மாற்றி மாற்றிப் பார்த்துச் சமாளித்துவிடும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவனுக்கு அது நடக்காது. செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கும் நமக்கெல்லாம் இதை விளக்கத் தேவையில்லை.

தொலைநோக்கியில் இந்தச் சிக்கல் இல்லை. தூரத்துப் பொருளின் பிம்பம் குழாய்க்குள்ளேயே ஓர் இடத்தில் விழுகிறது. அதே இடத்தில் ஒரு மெல்லிய இழையை வைத்தால், பொருளும் இழையும் ஒரே தளத்தில் ஒன்றாகத் தெளிவாகத் தெரியும். மூன்றைப் பார்த்துத் திணறிய கண்ணுக்கு ஒன்றைப் பார்த்தால் போதும் என்றாகிறது. ஸ்கோப் செய்யும் பெரிய உபகாரம் இதுதான். பெரிதாகக் காட்டுவது அடுத்ததுதான்.

இதை முதலில் கண்டவர் துப்பாக்கிக்காரர் அல்ல, வானத்தைப் பார்த்தவர். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த வில்லியம் கேஸ்காய்ன் என்ற இளைஞர். 1640ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவருடைய தொலைநோக்கிக்குள் ஒரு சிலந்தி நூல் இழுத்துவிட்டதாம். பார்த்தால், நட்சத்திரத்தோடு சேர்ந்து அந்த நூலும் துல்லியமாகத் தெரிந்தது. வேறொருவராக இருந்தால் துடைத்துப் போட்டிருப்பார். அவர் அதையே பயன்படுத்தி, வானப் பொருட்களின் கோணத்தை அளக்கும் கருவி ஒன்றைச் செய்தார். அது கெப்ளர் முறைத் தொலைநோக்கி, அதாவது இரண்டு குவிலென்ஸ்கள் கொண்டது. கலிலியோ முறையில் பிம்பம் குழாய்க்குள் விழுவதில்லை என்பதால் இழை வைக்க இடமே கிடையாது. கேஸ்காய்ன் நெடுநாள் வாழவில்லை. 1644இல் இங்கிலாந்து உள்நாட்டுப் போரில், மார்ஸ்டன் மூர் களத்தில் இறந்தார்.

ஆக, குறுக்கு இழையும் லென்ஸும் 1640லேயே தயார். ஆனால் அன்றைய போர்வீரனின் துப்பாக்கிக் குழல் உட்புறம் வழுவழுப்பானது. உருண்டைக் குண்டு குழலுக்குள் இடித்துக்கொண்டே வெளியே வந்து தன் இஷ்டத்துக்குப் போகும். நூறு கஜத்தில் ஓர் ஆளைக் குறி வைத்து அடிப்பதே அதிர்ஷ்டம். அதன் மேல் தொலைநோக்கி வைத்து என்ன பயன்? குழலின் உட்புறத்தில் மரை வெட்டி, குண்டைச் சுழலவிடும் ரைபிள் நன்றாகத் தேறும் வரை அது காத்திருக்க வேண்டியதாயிற்று.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் அந்தக் காலம் வந்தது. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் ஊரில் வில்லியம் மால்கம் என்பவர் 1855இல் ரைபிள் தொலைநோக்கிகளைத் தொழிலாகச் செய்யத் தொடங்கினார். அவை மெலிந்த நீளக் குழாய்கள். துப்பாக்கிக் குழலின் நீளத்துக்கே இருக்கும். 1861இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டபோது, வடக்குத் தரப்பில் பெர்டான் என்பவர் திரட்டிய குறிபார்ப்போர் படையில் சிலர் இத்தகைய ரைபிள்களோடு வந்து சேர்ந்தார்கள். அவற்றில் சில 13, 14 கிலோ எடை. ஒரு சிறு நெல் மூட்டையைத் தோளில் வைத்துச் சுடுவது போலத்தான்.

தெற்குத் தரப்பு இங்கிலாந்திலிருந்து விட்வொர்த் ரைபிள்களைத் தருவித்தது. குழலின் உட்புறம் அறுகோண வடிவம். அதன் மேல் சிலவற்றில் டேவிட்சன் ஸ்கோப் பொருத்தியிருந்தார்கள். இந்த டேவிட்சன், பம்பாய்ப் படையில் பணியாற்றிய ஸ்காட்லாந்துக்காரர். இங்கே நம் நாட்டுக் காடுகளில் வேட்டையாடிய காலத்திலேயே ரைபிளில் தொலைநோக்கி வைத்துப் பார்த்தவர். உள்ளானைப் போல இதிலும் நம் ஊர் வாசனை கொஞ்சம் இருக்கிறது.

டேவிட்சன் ஸ்கோப்பைத் துப்பாக்கியின் இடப் பக்கவாட்டில் மாட்டினார்கள். கண்ணை அதற்கு மிக அருகில் வைக்க வேண்டும். சுட்டவுடன் ரைபிள் பின்னால் உதைக்கும், குழாயின் விளிம்பு கண்ணைச் சுற்றி இடிக்கும். விட்வொர்த் வைத்திருப்பவனை அவனுடைய கறுத்துப்போன கண்ணை வைத்தே அடையாளம் காணலாம் என்று எழுதியிருக்கிறார்கள். இன்று ஸ்கோப் வாங்குகிறவர்கள் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் மூன்று, நான்கு அங்குல இடைவெளி கிடைக்கிறதா என்று பார்ப்பதற்குக் காரணம் அந்தக் கறுத்த கண்கள்தான்.

1864 மே 9 அன்று ஸ்பாட்சில்வேனியா என்ற இடத்தில் வடக்குத் தரப்பு ஜெனரல் ஜான் செட்ஜ்விக், குண்டுகளுக்குப் பயந்து குனிந்த தம் வீரர்களைக் கேலி செய்தார். இந்தத் தூரத்திலிருந்து அவர்களால் ஒரு யானையைக்கூட அடிக்க முடியாது என்றார். சற்று நேரத்தில் ஒரு குண்டு வந்து அவர் முகத்தில் பாய்ந்தது. அந்த இடத்திலேயே இறந்தார். அது விட்வொர்த் ரைபிளின் குண்டு என்றே பலரும் எழுதுகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஐரோப்பியப் படைகள் ஸ்கோப்பைப் பெரிதாக எண்ணவில்லை. அது வேட்டைக்காரர்களின் விளையாட்டுப் பொருள் என்று விட்டுவிட்டன. 1914இல் முதல் உலகப் போர் தொடங்கி, இரு தரப்பும் அகழி வெட்டி எதிரெதிரே உட்கார்ந்தபோதுதான் கதை மாறியது. ஜெர்மனியில் காட்டு வேட்டை ஒரு மரபு. மான், காட்டுப்பன்றி வேட்டைக்கு ஸ்கோப் வைத்த ரைபிள்கள் வீடுகளிலேயே இருந்தன. அவற்றைத் திரட்டிப் போர்முனைக்கு அனுப்பினார்கள். அகழிக்கு மேல் தலை தூக்கிய பிரிட்டிஷ் வீரர்கள் விழத் தொடங்கினார்கள்.

பிரிட்டன் பதிலுக்கு ஸ்கோப் செய்யலாம் என்று பார்த்தால் கண்ணாடி இல்லை. ஒளியியல் கண்ணாடி என்பது ஜன்னல் கண்ணாடி போன்றதல்ல. குமிழி, கோடு, பிசிறு எதுவும் இருக்கக் கூடாது. ஜெர்மனியின் யேனா நகரத்தில் ஷாட், ஆபே, ஸைஸ் ஆகியோர் சேர்ந்து 1884இல் தொடங்கிய கண்ணாடி ஆலை உலகத்துக்கே அதில் முன்னோடி. போருக்கு முன் பிரிட்டன் தனக்கு வேண்டிய ஒளியியல் கண்ணாடியில் 60 சதவீதத்தை ஜெர்மனியிடமும், 30 சதவீதத்தைப் பிரான்ஸிடமும் வாங்கிக்கொண்டிருந்தது. பர்மிங்ஹாம் அருகே இருந்த சான்ஸ் பிரதர்ஸ் தந்தது மீதி 10 சதவீதம் மட்டுமே.

இங்கே ஒரு வேடிக்கை. 1915இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஸ்விட்சர்லாந்து வழியாகப் பிரிட்டனும் ஜெர்மனியும் ஒரு பண்டமாற்றுப் பேச்சு நடத்தின. பிரிட்டனுக்கு வேண்டியது கண்ணாடிக் கருவிகள். கடல் முற்றுகையில் சிக்கிய ஜெர்மனிக்கு வேண்டியது ரப்பர். அன்றைக்குப் பிரிட்டனின் கையில் இருந்த ரப்பரில் பெரும் பங்கு மலாயா தோட்டங்களில் இருந்து வந்தது. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து கங்காணியோடு கப்பலேறிப் போன நம் ஜனங்கள். அவர்கள் வெட்டிய பாலைக் கொடுத்து, எதிரியிடமே தொலைநோக்கி வாங்க லண்டனில் யோசித்தார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒருவழியாகப் பிரிட்டிஷ் வீரர்கள் கையிலும் ஸ்கோப்புகள் வந்தன. அங்கேதான் இந்தக் கதையின் முக்கியமான மனிதர் வருகிறார். பெயர் ஹெஸ்கெத் பிரிச்சர்ட். 1876இல் நம் ஜான்சியில் பிறந்தவர். தகப்பனார் ராணுவ அதிகாரி. பிரிச்சர்ட் பெரிய வேட்டைக்காரர், ஊர் சுற்றியவர், கதை எழுத்தாளர், ஹாம்ப்ஷயர் அணிக்கு வேகப்பந்து வீசியவர். 1915இல் பிரான்ஸ் போர்முனைக்குப் போனவர், அகழி அகழியாகச் சென்று ஸ்கோப் பொருத்திய ரைபிள்களைச் சோதித்தார். அவர் கண்டது பேரதிர்ச்சி. பெரும்பாலானவை குறி தவறியிருந்தன. சற்றுத் தவறி அல்ல, அதை வைத்து எதிரியைச் சுட்டால் அவன் பக்கத்தில்கூடக் குண்டு போகாது என்னும் அளவுக்கு.

காரணம் லென்ஸ் அல்ல. ரைபிளைக் கொடுத்தவர்கள் அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு பட்டாளம் போய் இன்னொரு பட்டாளம் வரும்போது, மற்ற சாமான்களோடு சாமானாக அதையும் கைமாற்றினார்கள். ஸ்கோப்பைப் பிடித்துத் தூக்கினார்கள், சுவரில் சாய்த்தார்கள். திருகுகள் தளர்ந்தன. இழை எங்கே காட்டுகிறது, குண்டு எங்கே போகிறது என்று யாரும் சுட்டுப் பார்க்கவில்லை. கையில் விலை உயர்ந்த கண்ணாடி இருக்கிறது என்ற நம்பிக்கையில், வெறும் கண்ணால் சுடுகிறவனைவிட மோசமாகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படிச் சுட்டுத் தவறும்போதெல்லாம் தன் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்தவனும் அவனே.

இன்னொரு கோளாறும் இருந்தது. பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு ரைபிளில் ஐந்து தோட்டாக்களை ஒரு கிளிப்பில் வைத்து மேலிருந்து அழுத்தி நிரப்புவார்கள். அந்த வழியை மறைக்கக் கூடாது என்பதற்காக ஸ்கோப்பை நடுவில் வைக்காமல் இடப்பக்கம் தள்ளி மாட்டினார்கள். கண் பார்க்கும் கோடும் குண்டு போகும் கோடும் பக்கவாட்டில் விலகி இருந்தால், இரண்டும் ஒரே ஒரு தூரத்தில்தான் சந்திக்கும். மற்ற தூரங்களில் இடமோ வலமோ விலகும். அகழிச் சுவரில் வைத்த இரும்புத் தகட்டின் சிறு துவாரம் வழியாகச் சுடும்போது, குழலுக்கு வழி இருந்தால் ஸ்கோப்புக்கு இல்லை, ஸ்கோப்புக்கு இருந்தால் குழலுக்கு இல்லை. ஆபீஸ் மேஜையில் எடுத்த முடிவு அகழியில் ஆளைக் கொன்றது.

பிரிச்சர்ட் சும்மா இருக்கவில்லை. சொந்தப் பணத்தையும் நண்பர்களிடம் கேட்டு வாங்கிய பணத்தையும் போட்டுக் கருவிகள் சேர்த்தார். ஜெர்மானியர் ஒளிந்து சுடும் இரும்புத் தகடுகளைத் துளைக்க, பெரிய மிருகங்களைச் சுடும் வேட்டை ரைபிள்களைக் கொண்டுவந்தார். 1916இல் லிங்கெம் என்ற ஊரில் முதல் ஆர்மியின் பயிற்சிப் பள்ளி அவர் பொறுப்பில் அமைந்தது. அங்கே முதல் பாடம் ஒளிந்துகொள்வதோ சுடுவதோ அல்ல. தன் ரைபிளையும் ஸ்கோப்பையும் தானே சோதித்துச் சரிசெய்வதுதான்.

அவர் கையாண்ட துணைக்கருவிகளில் என்னை மிகவும் கவர்ந்தது காகிதக்கூழ்த் தலை. நம் ஊர்க் கொலு பொம்மை செய்வது போலக் காகிதக்கூழில் ஒரு வீரனின் தலையைச் செய்து, கழியில் செருகி, காடியில் ஏற்றி மெல்ல அகழிக்கு மேலே காட்டுவார்கள். எதிரி சுடுவான். குண்டு முன்னால் ஓர் ஓட்டையும் பின்னால் ஓர் ஓட்டையும் போட்டுக்கொண்டு போகும். தலையை இறக்கி, மறுபடி அதே நிலையில் வைத்து, பின் ஓட்டைக்குப் பின்னால் பெரிஸ்கோப்பை வைத்து இரண்டு ஓட்டைகளின் வழியே பார்த்தால், குண்டு வந்த பாதை அப்படியே தெரியும். பாதையின் மறுமுனையில் எதிரி. இரண்டு புள்ளிகள் இருந்தால் ஒரு நேர்கோடு வரையலாம் என்ற எட்டாம் வகுப்பு வடிவியல்தான். நான் வகுப்பில் இதைச் சொல்லும்போது கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

ஸ்னைப்பருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பார்வையாளன் இருப்பான். அவன் கையில் 20 மடங்கு பெரிதாகக் காட்டும் நீள்குழாய்த் தொலைநோக்கி. ஸ்காட்லாந்து மலைகளில் மான் தேடிப் பழகிய லோவட் ஸ்கவுட்ஸ் படையினர் இதில் கைதேர்ந்தவர்கள். எந்த வேளையில் எங்கே புகை எழுகிறது, எந்த அகழியில் புது மண் கொட்டியிருக்கிறது என்று நாள் முழுவதும் பார்த்துக் குறித்து வைப்பார்கள். பிரிச்சர்ட் இந்தப் பார்வைக்குச் சுடுவதைவிட அதிக மதிப்பு கொடுத்தார்.

போர் முடிந்தது. பிரிச்சர்ட் 1922இல், 45 வயதில் காலமானார். பள்ளிகளை மூடினார்கள். ஸ்கோப்புகளைக் கழித்துக் கட்டினார்கள். கற்றது அத்தனையும் இருபது ஆண்டுகளில் மறந்துபோயிற்று. 1939இல் அடுத்த போர் வந்தபோது பிரிட்டன் மறுபடி அரிச்சுவடியில் இருந்து தொடங்கியது.

ஆனால் இம்முறை ஒழுங்காகச் செய்தார்கள். 1942 முதல், ஆலையில் சோதனையின்போது நன்றாகச் சுட்ட நம்பர் 4 ரைபிள்களைப் பொறுக்கி எடுத்து, பெரும்பாலானவற்றை லண்டனில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனிக்கு அனுப்பினார்கள். மகாராஜாக்களுக்கு வேட்டைத் துப்பாக்கி செய்து கொடுத்த அதே கம்பெனி. அங்கே ரைபிளின் இடச்சுவரில் இரண்டு எஃகுத் திண்டுகளைத் திருகி, அதில் ஒரு பிராக்கெட், அதன் மேல் நம்பர் 32 ஸ்கோப். இந்த ஸ்கோப் முதலில் பிரென் துப்பாக்கிக்காக வடிவமைத்தது. ஏறக்குறைய ஒரு கிலோ எடை. பெரிதாகக் காட்டுவது வெறும் மூன்று மடங்குதான். இன்று கடையில் 9 மடங்கு, 12 மடங்கு என்று கேட்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். அதிக மடங்கு என்றால் பார்வைப் பரப்பு குறுகும், கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெருகித் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஸ்கோப் இப்போது குழலுக்கு நேர் மேலே வந்தது. கிளிப்பில் நிரப்ப முடியாது, ஒவ்வொரு தோட்டாவாகத்தான் போட வேண்டும். பரவாயில்லை என்றார்கள். ஸ்கோப் உயரமாக இருப்பதால் கன்னம் ஊன்ற மரக்கட்டை ஒன்றைப் பின்கட்டையில் திருகினார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், ஸ்கோப்பின் எண்ணை அந்த ரைபிளின் கட்டையிலேயே பொறித்தார்கள். இந்த ரைபிளுக்கு இந்தக் கண்ணாடிதான், வேறு எதையும் மாற்றி மாட்டக் கூடாது. கழற்றினால் வைக்க எஃகு டப்பா, ரைபிளுக்குத் தனி மரப்பெட்டி, பார்வைக்கு 20 மடங்குத் தொலைநோக்கி. இப்படி 20,000க்கும் மேல் செய்தார்கள். பிரிச்சர்ட் அகழியில் கண்ட ஒவ்வொரு குறைக்கும் இந்தப் பெட்டிக்குள் ஒரு பதில் இருந்தது. அந்த அகழிகளில் கிடந்த எத்தனையோ பேருக்குத்தான் அது பயன்படவில்லை.

இந்தக் கதையில் நம் நீலகிரிக்கும் பங்கு உண்டு. குன்னூர் அருகே அருவங்காட்டில் 1903இல் தொடங்கிய கார்டைட் ஆலை, இந்தியாவில் .303 தோட்டாவுக்கு வேண்டிய வெடிமருந்தைத் தயாரித்தது. கார்டைட் பொடியாக இருக்காது. சேமியா போல மெல்லிய குச்சி குச்சியாக இருக்கும். அந்தக் குச்சிகள் எரிந்து .303 குண்டை நொடிக்கு சுமார் 740 மீட்டர் வேகத்தில் தள்ளும். அவ்வளவு வேகத்திலும் குண்டு பூமியின் ஈர்ப்புக்குத் தப்புவதில்லை. நூறு கஜம் போவதற்குள் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் விழும். 200 மீட்டரில் 40 சென்டிமீட்டருக்கும் மேல். 500 மீட்டரில் மூன்று மீட்டருக்கும் மேல், அதாவது ஒரு மாடி உயரம். எனவே ஸ்கோப்பைக் குழலுக்கு இணையாக மாட்டினால் போதாது. தூரத்துக்கு ஏற்ப அது சற்றுத் தாழ்ந்து பார்க்க வேண்டும், குழல் நிமிர்ந்து பார்க்க வேண்டும். ஸ்கோப்பின் மேலே இருக்கும் திருகு உருளை செய்வது இந்த வேலையைத்தான்.

இப்படி ஸ்கோப்பையும் குண்டையும் ஒத்துப்போகச் செய்வதை ‘ஜீரோ’ செய்வது என்பார்கள். முறை எளிது. ரைபிளை மணல் மூட்டையில் ஊன்றி, ஒரே புள்ளியைக் குறி வைத்து ஐந்து முறை சுட வேண்டும். ஐந்து ஓட்டைகளும் நெருங்கி விழுந்தால், எங்கே விழுந்திருந்தாலும் கவலை இல்லை. திருகைத் திருப்பி அந்தக் கூட்டத்தை நடுவுக்குக் கொண்டுவரலாம். ஐந்தும் சிதறி விழுந்தால் திருகைத் தொடக் கூடாது. கோளாறு ஸ்கோப்பின் குறியில் இல்லை. ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது, அல்லது சுடுகிறவன் மூச்சை அடக்கவில்லை. இயற்பியல் ஆய்வகத்தில் முறையான பிழை, தற்செயல் பிழை என்று நாங்கள் கரும்பலகையில் எழுதிப் போடுவதை, என்.சி.சி. ஹவில்தார் ஒருவர் ஒரே வரியில் சொல்வார்: “மொதல்ல குரூப் காட்டுங்க சார், அப்புறம் சைட்டைத் தொடுங்க.”

என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர் ஒருவரின் பேரன் ரைபிள் கிளப்பில் சேர்ந்திருக்கிறான். எந்த ஸ்கோப் வாங்கிக் கொடுக்கலாம் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். ஒலிம்பிக்கில் இருக்கும் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது. சிறு துவாரம் வழியாகப் பார்க்கும் பீப் சைட்தான். துவாரம் சிறிதானால் தூரத்துப் பொருளும் பக்கத்துப் பொருளும் சேர்ந்தே ஓரளவு தெளியும். கண்ணாடி இல்லாதபோது விரல்களைக் குவித்துச் சின்ன ஓட்டை வழியாகப் படிப்போமே, அதே தத்துவம். டார்கெட்டின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றது அப்படிப்பட்ட துவாரம் வழியாகப் பார்த்துத்தான். இறுதிச் சுற்றுக்கு முன் சோதனைக்குச் சுட்டபோது குண்டு நடுவை விட்டு வெகுதூரம் விலகிப் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். பதறாமல் சைட்டைத் திருத்திக்கொண்டு தொடர்ந்தார். கடைசிச் சுடுதல் 10.8. நம் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரை போனதும் இதே பீப் சைட்டோடுதான்.

ஸ்கோப் அனுமதிக்கும் வேறு பயிற்சிக்கு வாங்குவதாக இருந்தால், நண்பருக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறேன். பணத்தைக் கண்ணாடியில் மட்டும் போடாமல் அதைப் பிடித்திருக்கும் வளையங்களிலும் போடுங்கள். ஸ்பிரிங் வைத்த ஏர் ரைபிள் முன்னும் பின்னும் உதைக்கும். சாதாரண ரைபிளுக்குச் செய்த ஸ்கோப் அதில் உடைந்துபோகலாம், அதற்கென்று செய்ததாகக் கேளுங்கள். மாட்டும்போது எதிரே சற்றுத் தூரத்தில் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ரைபிள் சாயாமல் இருக்க, செங்குத்து இழையை அந்தக் கயிற்றோடு ஒட்டிப் பாருங்கள். திருகுகளை இரு பக்கமும் மாறி மாறி, சமமாக இறுக்குங்கள். பிறகு ஐந்து முறை சுட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் பையனிடம் கண்டிப்பாகச் சொல்லச் சொன்னேன். ஸ்கோப்பைத் தொலைநோக்கியாக நினைத்து அங்கே யார் வருகிறார்கள் என்று பார்க்கக் கூடாது. ஸ்கோப்பால் ஒருவரைப் பார்ப்பது என்றால், துப்பாக்கியை அவர் மேல் நீட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். சுடும் களத்தில் இதை மீறிய மாணவனை, எவ்வளவு நன்றாகச் சுடுகிறவனாக இருந்தாலும், நான் அன்று மறுபடி படுக்க விட்டதில்லை. வேடிக்கை பார்க்க வேண்டும் என்றால் ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். தை மாதம் ஏதாவது ஏரிக்கரைக்கு அழைத்துப் போனால் உள்ளானையும் பார்க்கலாம்.

அடுத்த முறை அருவங்காடு, குன்னூர் பக்கம் என்.சி.சி. முகாம்களுக்குப் போய்வந்த நாட்களைப் பற்றி எழுதுகிறேன்.